பெட்டி இருக்கிறது, பூ எங்கே?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மாடித்தோட்டம் போட்டவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அது கீரையில் தொடங்கும். புடலை பூத்தும் பிஞ்சு பிடிக்கவில்லை என்ற புலம்பலுக்குப் போகும். கடைசியில் தேனீப்பெட்டியில் வந்து நிற்கும். பெட்டி எங்கே கிடைக்கும், என்ன விலை, கொட்டுமா, வருடத்துக்கு எத்தனை கிலோ தேன் வரும் என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும். ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை: நம் வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஆடி மாதத்தில் எந்த மரம் பூத்திருக்கிறது?

தேனீ வளர்ப்பில் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நம் நாட்டு அடுக்குத் தேனீ இரை தேடிப் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை கிலோமீட்டர்தான் போகும். அந்த வட்டத்துக்குள் பூ இருந்தால் அடை நிறையும். இல்லாவிட்டால் தேக்கில் இழைத்த பெட்டியானாலும் ஒரு நாள் காலியாகக் கிடக்கும். சென்னையின் மேற்குப் புறநகரில் தேனீக்கும் சரி, அதை வைத்துப் பிழைக்க நினைப்பவருக்கும் சரி, பஞ்சம் பூவுக்குத்தான். நம் திட்டங்களும் நல்லெண்ணங்களும் ஏனோ பெட்டியையே சுற்றி வருகின்றன.

தேனீ அழிந்தால் நான்கே ஆண்டுகளில் மனிதனும் அழிவான் என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக ஒரு வாசகம் வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்குச் சான்று எதுவும் இல்லை. நெல்லுக்கும் கோதுமைக்கும் சோளத்துக்கும் தேனீ தேவையில்லை. சோறு கிடைத்துவிடும், குழம்புக்குத்தான் திண்டாட்டம். உலகின் முக்கிய உணவுப் பயிர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஓரளவேனும் பூச்சி, பறவை போன்ற உயிர்களின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கிறது என்று பல்லுயிர்ச் சூழலுக்கான பன்னாட்டு அறிவியல் மன்றம் 2016இல் கணக்கிட்டது. விளைச்சலின் எடையில் அந்தப் பயிர்களின் பங்கு 35 விழுக்காடு. புடலை, பாகல், பீர்க்கு, சுரை, பூசணி, வெள்ளரி ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. ஆண் பூவின் தூளை எதுவாவது கொண்டுவந்து பெண் பூவில் சேர்க்காவிட்டால் பிஞ்சு இரண்டு நாளில் மஞ்சளித்து உதிரும். நான்காவது மாடியில் புடலை காய்க்காததற்குப் பெரும்பாலும் உரம் காரணமல்ல. அங்கே தூள் சுமந்து வர ஆள் இல்லை.

கத்திரி, தக்காளியின் கதை வேறு. அவற்றில் தூள் நுனி வழியாக மட்டுமே வெளிவரும். பூவைப் பிடித்து அதிர வைத்தால்தான் தூள் நன்றாகக் கொட்டும். அந்த வித்தை பெட்டித் தேனீக்குத் தெரியாது. காய்ந்த மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டுக்குத் தெரியும்; மண்ணில் வளை தோண்டும் நீலவரித் தேனீக்கும் தெரியும். மாடித்தோட்டக்காரர் பெட்டி வாங்கி வைத்தும் கத்திரி காய்க்கவில்லை என்று குறைப்பட்டால், தேனீ மேல் பிழையில்லை.

உலகில் வளர்ப்புத் தேனீ குறைந்துகொண்டே போகிறது என்ற எண்ணமும் பாதிதான் உண்மை. ஐசென், ஹார்டர் என்ற இரு ஆய்வாளர்கள் உலக உணவு வேளாண்மை அமைப்பின் புள்ளிவிவரங்களை அலசி 2009இல் எழுதினார்கள். 1961 தொடங்கி அரை நூற்றாண்டுக்குள் வளர்ப்புத் தேனீக் கூட்டங்கள் சுமார் 45 விழுக்காடு கூடியிருந்தன என்பது அவர்கள் கண்டது. குறைந்துவருபவை பெரும்பாலும் யாரும் வளர்க்காத காட்டுத் தேனீக்கள். லண்டனில் மாடிக்கு மாடி பெட்டி வைக்கும் மோகம் பரவியபோது, இருக்கிற பூவுக்கு மேல் பெட்டி பெருகிவிட்டது, காட்டுத் தேனீக்களின் இரை பறிபோகிறது என்று கியூ தாவரவியல் பூங்காவின் 2020ஆம் ஆண்டு அறிக்கை எச்சரித்தது. பூங்காக்கள் நிறைந்த லண்டனுக்கே அந்த எச்சரிக்கை என்றால் தகரக் கூரையும் தார்ச்சாலையுமான அம்பத்தூர் தொழிற்பேட்டையை என்ன சொல்வது!

இந்த வட்டாரத்தில் யாரும் பெட்டி வைக்காமலே குடியிருக்கும் தேனீக்களை முதலில் பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் அடுக்குமாடியின் சன்ஷேடிலும் ஆலமரக் கிளையிலும் ஒற்றைப் பெரிய அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. வேலிப் புதரில் உள்ளங்கை அகலத்துக்கு அடை கட்டுவது கொம்புத் தேனீ. இரண்டும் வெளிச்சத்தில் ஒற்றை அடையாகக் கட்டுபவை, பெட்டிக்குள் அடங்காதவை. மரப்பொந்திலும் மீட்டர் பெட்டியிலும் இருட்டாக இடம் பார்த்து, வரிசையாகப் பல அடை கட்டுவது அடுக்குத் தேனீ. இருட்டையும் அடுக்கையும் விரும்புவதால்தான் அதைப் பெட்டியில் வளர்க்க முடிகிறது. 1960களின் தொடக்கத்தில் இமாசலத்தின் நக்ரோட்டாவில் காலூன்றி நாடெங்கும் பரவிய இத்தாலியத் தேனீயும் உண்டு. அது வளர்ப்பவர் கொண்டுவந்து வைத்தால் மட்டும் வரும் விருந்தாளி.

கொசுத்தேனீயைப் பலர் தேனீ என்றே எண்ணுவதில்லை. பழைய சுண்ணாம்புச் சுவர் எங்காவது இன்னும் நின்றால் விரிசல்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விரல் கனத்தில், கறுத்த பிசினால் ஆன குழாய் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயில் கொசு அளவுள்ள காவல்காரிகள் தலையை மட்டும் காட்டி நிற்பார்கள். குழாயைத் தொட்டால் உள்ளே மறைவார்கள், பிறகு மெல்ல எட்டிப் பார்ப்பார்கள். கொடுக்கால் கொட்டத் தெரியாது; ரொம்பச் சீண்டினால் தலைமுடியில் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். ஆண்டு முழுக்க ஒரு கூட்டில் கிடைக்கும் தேன் சில நூறு கிராமைத் தாண்டாது. ஆனால் வெள்ளரிக்கும் தென்னைக்கும் துளசிக்கும் அது ஓயாமல் உழைக்கிறது. மாடியில் ஏதாவது வளர்த்தே தீருவேன் என்பவருக்கு என் சிபாரிசு இதுதான். அக்கம்பக்கத்தில் சண்டை வராது.

சென்னைப் பக்கத் தேனீயின் வருடம் ஒரே சீராக ஓடுவதில்லை. மாசி பிறந்ததும் முருங்கை, வேம்பு, நாவல் என்று வரிசை ஆரம்பிக்கும். பங்குனி, சித்திரையில் புங்கை கொட்டும். அந்த நாட்களில் புங்க மரத்தடியில் நின்றால் மரமே ரீங்கரிப்பது போலிருக்கும். அதைத் தொடர்ந்து புளி பூக்கும். இதெல்லாம் வைகாசி, ஆனியோடு ஓய்ந்துவிடும். ஆடியிலிருந்து புரட்டாசி வரை பெரிய வரத்து எதுவும் இல்லை. தென்னம்பாளையும் ஓரம்பாரக் களைப்பூக்களும்தான் கதி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மழை கொட்டும் நாளில் தேனீ வெளியே வராது. மழை தொடர்ந்தால் பெட்டிக்குள் இருப்பைத் தின்று தீர்க்கும். வளர்ப்பவர் அப்போது சர்க்கரைப் பாகு காய்ச்சி, மற்றக் கூட்டத்துத் தேனீ வந்து கொள்ளையடிக்காதபடி அந்தியில் ஊற்றி வைக்க வேண்டும். தேனுக்காக வைத்த பெட்டிக்குச் சர்க்கரை வாங்கிப் போடும் மாதங்கள் இவை. இருப்பும் இல்லாமல், பாகும் வைக்காமல் விட்டால் கூட்டம் ஒரு நாள் மொத்தமாகக் கிளம்பிப் போய்விடும். மாடியில் பெட்டி வைத்த பலரின் கதை இந்த இடத்தில் முடிகிறது. "ஓடிப்போச்சு" என்பார்கள். பசியில் போனது என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

பூந்தமல்லிக்கும் பூவுக்கும் உள்ள உறவு பழையது. இந்த ஊரில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் நந்தவனம் வைத்துக் காஞ்சி வரதருக்குப் பூ கொண்டுபோனதாக வைணவ மரபு சொல்கிறது. ஊரைத் தாண்டித் திருவள்ளூர்ப் பக்கம் போனால் இன்றும் மல்லிகையும் முல்லையும் பார்க்கலாம். ஆனால் அந்தத் தோட்டங்களால் தேனீக்குப் பெரிய ஆதாயம் கிடையாது. மல்லிகை இரவில் மலர்வது. விட்டில் பூச்சிகளை அழைக்கும் பூ. அதையும் மொக்காகவே, விடிவதற்குள் பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறோம். கூந்தலுக்கு வந்த பிறகுதான் அது மலர்கிறது. அடுக்குமாடி வளாகங்களில் வைக்கும் காகிதப்பூவும் குரோட்டன்ஸும் அரச பனையும் கண்ணுக்கு அழகு, தேனீக்குக் கிட்டத்தட்ட பாலைவனம்.

தேனீக்காரரின் பிழைப்பு பூவின் பிழைப்பு என்பதற்குத் தமிழ்நாட்டில் மார்த்தாண்டத்தை விடப் பெரிய சான்று இல்லை. 1910களில் திருச்சிப் பக்கம் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார், நம் அடுக்குத் தேனீயின் சின்ன உடம்புக்கு ஏற்ப ஒரு சின்னப் பெட்டியை வடிவமைத்துக் கிராமத்தாருக்குப் பழக்கினார். இன்றும் அதன் பெயர் நியூட்டன் பெட்டிதான். கீழே புழு அறை, மேலே தேன் அறை, இரண்டிலும் எடுத்து எடுத்து வைக்கக்கூடிய சட்டங்கள். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாக ஊரெங்கும் பரப்பினார். 1928இல் வேளாண்மைக்கான ராயல் கமிஷனும் அதைக் கிராமத்துக்கேற்ற உபதொழில் என்று பரிந்துரைத்தது.

மார்த்தாண்டத்தில் தொழில் நிலைத்ததற்குப் பெட்டியோடு ரப்பரும் காரணம். ரப்பர் மரம் தை, மாசியில் புதுத்தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளில் தேன் சுரக்கிறது. பூவே தேவையில்லை. ஏக்கர் ஏக்கராக ஒரே நேரத்தில் சுரக்கும் அந்த வரத்தை நம்பிக் குமரி மாவட்டத்தார் பெட்டிகளைக் கேரளம் வரை கொண்டுபோகிறார்கள். ரப்பர் முடிந்தால் புளி, முருங்கை என்று பூ இருக்கும் மாவட்டங்களுக்கு லாரியில் ஏற்றுகிறார்கள். இரவோடு இரவாக வாசலை அடைத்து ஏற்றி, விடிவதற்குள் புது இடத்தில் இறக்க வேண்டும். வெயில் ஏறினால் அடை உருகிக் கூட்டமே செத்துப்போகும். மார்த்தாண்டம் தேன் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது, பூ எங்கே என்று விசாரித்து விசாரித்து ஓடும் ஒரு நாடோடிப் பிழைப்பு.

அந்தப் பிழைப்பும் ஒரு முறை அடியோடு சாய்ந்தது. 1991, 92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவுக்குள் வந்தது. புழுக்கள் கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் கோத்த பை போலத் தலை நிமிர்ந்து அறைக்குள்ளேயே செத்தன. குமரியிலும் கேரளத்திலும் வளர்ப்பிலிருந்த அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன. வீட்டுக்கு வீடு வெறும் பெட்டி. தப்பிப் பிழைத்த சில கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் தொழில் மறுபடி தலையெடுத்தது. ஒரே இடத்திலிருந்து கூட்டம் வாங்கி ஊரெல்லாம் விநியோகிக்கும் திட்டங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பெட்டியோடு நோயும் பயணம் செய்யும். அம்பத்தூரில் வாங்கிய ஒரு கூட்டத்தின் நோய் மீட்டர் பெட்டியில் இருக்கும் இலவசக் குடித்தனக்காரருக்கும் போய்ச் சேரும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. தோட்டக்கலை இயக்கத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி பெட்டிக்கும் கூட்டத்துக்கும் 40 விழுக்காடு மானியம், ஒருவருக்கு 50 கூட்டம் வரை கிடைத்தது. தேனீ வளர்ப்பு மற்றும் தேனுக்கான தேசிய இயக்கத்துக்கு ஒன்றிய அரசு 2020இல் 500 கோடி ரூபாய் அறிவித்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் பயிற்சி தருகிறது. ஆவடியிலிருந்து திருவள்ளூர் போகும் வழியில் திரூரில் அதன் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இந்த ஏற்பாடுகளில் எல்லாம் பெட்டிக்கு ஒரு பத்தி இருக்கும், பூவுக்கு ஒரு வரி இருந்தால் அதிகம். மானியத்தில் வந்த பெட்டி அடுத்த ஆடியில் காலியாகி, கோழிக்கூடாகவோ விறகாகவோ மாறுவதை எந்தப் புள்ளிவிவரமும் எண்ணுவதில்லை.

பூந்தமல்லி, வெள்ளவேடு தாண்டி வயல் மிச்சமிருக்கும் இடங்களில் வேறொரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கலிபோர்னியாவில் ஒவ்வொரு பிப்ரவரியிலும் பாதாம் பூக்கும்போது தோட்டக்காரர்கள் பெட்டிக்கு ஏறக்குறைய 200 டாலர் வாடகை கொடுத்துத் தேனீக்களை வரவழைக்கிறார்கள். அங்குள்ள தேனீ வளர்ப்பவருக்குத் தேனைவிட இந்த வாடகை முக்கியம். நம் ஊரில் தலைகீழ். பெட்டி வைக்க இடம் கொடுங்கள் என்று கும்பிட்டுப் போகிறவர் தேனீக்காரர். இரண்டு பாட்டில் தேன் கொடுத்து நன்றி சொல்லிவிட்டு வருகிறவரும் அவரே. அவருடைய தேனீ பாகல் பந்தலில் செய்த வேலைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. பந்தல் காய்கறி போடும் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து பூக்கும் பருவத்துக்குப் பெட்டிகளை வாடகைக்கு எடுக்கவும், அந்த வாடகையில் ஒரு பங்கை மானியமாகத் தரவும் ஏற்பாடு வந்தால், சென்னைக்கு மேற்கே தேனீ வளர்ப்பு ஒரு தொழிலாக நிற்க வழியுண்டு. அப்போது, தேனீ வேலை செய்யும் காலை நேரத்தில் மருந்தடிக்கக் கூடாது என்ற ஒப்பந்தமும் தானாக வந்துவிடும். தேனீக்குக் கேடு என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளி வயல்களுக்குத் தடை செய்த இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் போன்ற மருந்துகள் நம் உரக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன.

அதுவரை தேனீக்காரருக்கு வருமானம் தேன்தான். தேன் சந்தையோ கலப்படத்தால் நாறிக் கிடக்கிறது. டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் 13 நிறுவனங்களின் தேனை ஜெர்மனியில் உயர்தரச் சோதனைக்கு உட்படுத்தியபோது மூன்று மட்டுமே தேறின. மற்றவற்றில் சாதாரணச் சோதனையில் சிக்காதபடி தயாரித்த சர்க்கரைப் பாகு கலந்திருந்தது. தெருவில் அலுமினியக் குண்டானில் அடைத்துண்டு மிதக்க "கொம்புத்தேன்" விற்பவர்களில் பலர் விற்பதும் பாகுதான். அந்த அடைத்துண்டு ஒன்றுதான் அசல். பாகின் விலையோடு போட்டி போட நேர்மையான தேனீக்காரரால் முடியாது.

நம் வீட்டுச் சோதனைகள் அவரை இன்னும் வதைக்கின்றன. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போகிறதா, தீக்குச்சி எரிகிறதா, நாய் நக்குகிறதா, எறும்பு வருகிறதா: எதுவும் கலப்படத்தைக் காட்டாது. கெட்டிப் பாகும் தண்ணீருக்கடியில் போகும். தேன் உறைந்தால் சர்க்கரை கலந்தது என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிறோம். ரப்பர்த் தேன் உட்படப் பல அசல் தேன்கள் சீக்கிரம் உறைபவை. வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: எந்த மாதம், எந்த ஊரில், எந்தப் பூவிலிருந்து எடுத்தது? அடையில் மெழுகு மூடிய பிறகு எடுத்ததா? மூடாத அடையிலிருந்து எடுத்தால் ஈரம் மிகும். 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரமிருந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரத்துக்குள் வராது, புளித்தும் போகும். இந்தக் கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொல்பவரிடம் பேரம் பேசாதீர்கள்.

தேனீக்குத் தொழிற்பேட்டை என்ன செய்கிறது என்பதை இரண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டும் நம் பக்கத்துச் சரக்கு. தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் 2011இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஒரு குறிப்பு, ஐந்து காபிக் கடைகளின் குப்பைத் தொட்டியைப் பற்றியது. குடித்துவிட்டு எறிந்த காகிதக் கப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சர்க்கரைக்குத் தேனீக்கள் வந்தன, உள்ளேயே சிக்கி மாண்டன. முப்பது நாளில் எண்ணியது 25,211. கடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 168. பூ கிடைக்காத இடத்தில் தேனீ டீக்கடைக்கு வருகிறது என்பது இதன் மறுபக்கம். அம்பத்தூரில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் எந்தக் கடை வாசலிலும் குப்பைத் தொட்டியைக் குனிந்து பார்த்தால் இது புரியும். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. அந்தத் தடையைச் சட்டப் புத்தகத்திலிருந்து டீக்கடைக்குக் கொண்டுவருவது தேனீக்குச் செய்யும் உதவி. கண்ணாடி டம்ளரில் டீயும் நன்றாக இருக்கும்.

மற்றது பெங்களூரில் நடந்தது. தேசிய உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கீதா திம்மேகௌடாவும் உடன் ஆய்வாளர்களும் மூன்று ஆண்டுகளில் 1,820 மலைத்தேனீக்களைப் பிடித்துச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். காற்று மாசு மிகுந்த இடங்களில் பூவுக்கு வந்த தேனீக்களே குறைவு. அங்கே பிடித்தவற்றில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஒரே நாளில் இறந்தன. உடம்பிலும் சிறகிலும் உலோகத் துகள் படிந்திருந்தது. பாடியிலிருந்து திருவள்ளூர் போகும் சாலையில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆவடியின் பாதுகாப்புத் துறை வளாகங்களும் அங்கு மிஞ்சியிருக்கும் முதிர்ந்த மரங்களும் இந்த வட்டாரத்துத் தேனீக்குப் பெரிய அடைக்கலம் என்று நான் நினைப்பது அதனால்தான். வேலியும் காவலும் போட்டது டாங்கிக்காக, தப்பித்தது மரமும்.

மலைத்தேனீயைப் பற்றி இரண்டு வார்த்தை. அடுக்குமாடியில் அது அடை கட்டிவிட்டால் சங்கக் கூட்டம் கூடி, தீப்பந்தம் அல்லது பூச்சிமருந்து என்று முடிவெடுப்பது வழக்கமாகிவிட்டது. பயம் நியாயமானது, கூட்டமாகக் கொட்டினால் உயிரே போகும். ஆனால் அது நிரந்தரக் குடியல்ல. பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் தேனீ; சில மாதங்களில் தானாகக் கிளம்பும். அதுவரை அந்தப் பக்கத்து ஜன்னலை வலையடித்து, இரவில் பளீரென்ற விளக்கைத் திருப்பிவிட்டு, பிள்ளைகள் கல்லெறியாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். வாசல், படிக்கட்டு போன்ற இடத்தில் கட்டியிருந்தால் மட்டும், கொல்லாமல் கிளப்பத் தெரிந்தவரை அழைக்க வேண்டும். கொட்டிவிட்டால் நின்று விசிறாமல் மூடிய அறைக்குள் ஓடுவது முதல் வேலை. மூச்சுத் திணறினால் அடுத்த நிமிடம் மருத்துவமனை.

அடுக்குத் தேனீயைக் கொல்லாமல் மாற்றுவது ஒரு கைவேலை. மீட்டர் பெட்டியில் கூடு இருந்தால் தெரிந்தவர் மாலையில் வருவார். மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, தேங்காய் நார்ப் புகையை இரண்டு மூச்சு மட்டும் விடுவார். அடைகளை ஒவ்வொன்றாகக் கத்தியால் அறுத்து, புழு உள்ள அடையைச் சட்டத்தின் அளவுக்குக் கத்தரித்து, சட்டத்தோடு சேர்த்து வாழைநாரால் கட்டுவார். நூல் கூடாது, வாழைநார்தான். இராணி எந்த அடையில் ஒளிந்திருக்கிறாள் என்று கண்டுபிடித்துப் பெட்டிக்குள் விட்டுவிட்டால், மற்றவை ஊர்வலம் போல உள்ளே ஏறும். இருட்டியதும் வாசலை அடைத்து எடுத்துப்போவார். சில நாளில் தேனீக்கள் அடையை மெழுகால் சட்டத்தோடு ஒட்டிவிட்டு, இனித் தேவையில்லாத வாழைநாரைக் கடித்துக் கடித்து வாசலில் கொண்டுவந்து போடும். அந்த நார்த்துணுக்கு வாசலில் விழுந்தால் குடியேற்றம் சரி என்று அர்த்தம். இந்த வேலைக்கு வருபவருக்குக் கூட்டத்தைக் கொடுத்துவிட்டோமே, கூலி எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பூச்சிமருந்து அடிக்க வருபவரிடம் அப்படி யாரும் கேட்பதில்லை.

இனி மரத்துக்கு வருவோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. சாய்ந்த பெருமரங்களோடு அடுக்குத் தேனீயின் பொந்துகளும் போயின. இடத்தை நிரப்ப வந்த கன்றுகள், சீக்கிரம் வளருமா, கம்பியில் இடிக்காதா, இலை கொட்டிக் குப்பையாக்காதா என்று பார்த்துத் தேர்ந்தவை. எந்த மாதம் பூக்கும் என்று பார்த்ததாகத் தெரியவில்லை. ஏரிக்கரைகளில் சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்ற 2022இல் தமிழ்நாடு கொள்கை வகுத்தது. அகற்றத்தான் வேண்டும். ஆனால் வறண்ட மாதங்களில் தேனீக்கு அது சோறு போட்டுவந்ததும் உண்மை. வெட்டிய இடத்தில் நாட்டுக் கருவேலமும் இலந்தையும் புங்கையும் வைக்காவிட்டால் பஞ்சம் இன்னும் இறுகும். வெயில்காலத்துக்கு இங்கே புங்கையும் வேம்பும் புளியும் நாவலும் ஓரளவு இருக்கின்றன. தட்டுப்பாடு ஆடி முதல் புரட்டாசி வரைக்கும்தான். அந்த இடைவெளியை அடைக்க இலந்தை, தேக்கு, இரண்டாம் முறை பூக்கும் பெருங்கொன்றை, கருவேலம் என்று நமக்குக் கைவசம் மரங்கள் உண்டு. சுவருக்குக் கொடி ரோஸ், தொட்டிக்குத் துளசி. காலி மனையில் தானாக வரும் தும்பையையும் வெட்டுக்காயப் பூண்டையும் பூத்து முடியும்வரை செதுக்காமல் விட்டால் அதுவும் போதுமான விருந்து.

பருத்திப்பட்டு, அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம் ஏரிக்கரைகளிலும் சாலையோரங்களிலும் மழைக்கு முன் கன்று நடும் பட்டியல் ஒவ்வொரு வருடமும் சென்னை மாநகராட்சியிலும் ஆவடியிலும் பூந்தமல்லி நகராட்சியிலும் தயாராகும். உங்கள் வார்டு உறுப்பினரிடம் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மரத்தின் பெயருக்கு எதிரிலும் அது பூக்கும் மாதத்தை எழுதச் சொல்லுங்கள். ஆடி, ஆவணி, புரட்டாசிக்கு எதிரில் ஒன்றும் இல்லையென்றால், பெட்டி வாங்க வைத்திருக்கும் பணத்தில் நாலு இலந்தைக் கன்று வாங்கிக் கொடுங்கள்.